தட்டிக்கு அந்தப் பக்கம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்புகளைப் பிரித்தவை சுவர்கள் அல்ல, தட்டிகள். மரச்சட்டத்தில் பனையோலைப் பாயை அறைந்து நிறுத்திய தட்டிகள். கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. அடுத்த வகுப்பில் வாய்ப்பாடு சொன்னால் எங்கள் வாயும் தானாக அசையும். நான் படித்ததில் பாதி எனக்குப் படிப்பித்தவர்களிடமிருந்து வந்தது. மீதி தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. சமய பாடத்தைப் பொறுத்தவரை அந்த மீதிதான் இன்றைக்கும் எனக்குள் உரத்துக் கேட்கிறது.

சமயத்துக்குத் தண்டவாளத் துண்டில் மணி அடித்ததும் வகுப்பு மூன்றாகப் பிரியும். சைவப் பிள்ளைகள் இருந்த வாங்கிலேயே இருப்போம். தொகையில் நாங்கள்தான் கூட. கத்தோலிக்கப் பிள்ளைகள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு முற்றத்து வேப்பமரத்தடிக்குப் போவார்கள். முஸ்லிம் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் விறாந்தைக் கோடியில் மௌலவி சேருடைய சைக்கிளைப் பார்த்து நிற்பார்கள். அதுவரை கணக்குப் பாடத்தில் ஒருவன் கொப்பியை ஒருவன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள், அந்த மணியோடு மூன்று கூட்டமாகிவிடுவோம். மறுமணி அடித்ததும் ஓடிவந்து பழையபடி இடிபட்டுக்கொண்டு இருப்போம்.

பள்ளிக்கூடம் இருந்தது யாழ்ப்பாணப் பட்டினத்தின் மேற்கு ஓரத்தில். நாவாந்துறைக் கரையிலிருந்து மீன் வாடையும் நீக்கிலார் கோயில் மணியும் வரும். சோனகத்தெருப் பக்கமிருந்து பாங்கொலி வரும். வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் திருவிழா என்றால் தவிலும் நாதஸ்வரமும் இரவிரவாகக் கேட்கும். மூன்று சத்தமும் எங்களுக்கு நேரம் காட்டின. விளையாட்டை நிறுத்தி வீட்டுக்கு ஓட வேண்டிய நேரத்தை மஃரிபுப் பாங்கை வைத்துத்தான் சைவப் பொடியள் கணக்குப் பண்ணினோம்.

பள்ளிக்கூடத்தைக் கட்டியது ஒரு மிஷன். 1960 டிசம்பரில் அரசாங்கம் பொறுப்பெடுத்துவிட்டது. சிறிமாவோ பண்டாரநாயக்கா பிரதமர், பதியுதீன் மஹ்மூத் கல்வி மந்திரி. அரசாங்க நன்கொடையில் நடந்த பள்ளிக்கூடங்களில் மிகப் பெரும்பாலானவை அந்தச் சட்டத்தோடு கைமாறின. தெற்கிலே கத்தோலிக்கத் தாய் தகப்பன்மார் பள்ளிக்கூடங்களுக்குள் போய் இருந்து மறித்தார்கள். 1961 ஜனவரியில் பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியாஸ் வந்து பேசிய பிறகுதான் எழும்பினார்கள். பெரிய கல்லூரிகளுக்கு மட்டும் ஒரு வழி இருந்தது. அரசாங்க நன்கொடையும் வேண்டாம், பிள்ளைகளிடம் கட்டணமும் வாங்கமாட்டோம் என்றால் தனியாக நிற்கலாம். பத்திரிசியார் கல்லூரியும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் உடுவில் மகளிர் கல்லூரியும் அப்படி நின்றன. கைமாறியவற்றில் மிஷன் பள்ளிகள் மாத்திரம் இல்லை. இந்து போர்ட் இராசரத்தினம் என்று சனம் அழைத்த பெரியவர், சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் பேரில் ஊர் ஊராகக் காசு சேர்த்துக் கட்டிய சைவப் பள்ளிகளும் போயின.

அந்தக் கைமாற்றம்தான் எங்கள் வகுப்பை மூன்றாக்கியது. அதற்கு முன்னர் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு சமயம்; முகாமையாளரின் சமயமே பள்ளியின் சமயம். அரசாங்கம் எடுத்த பிறகு பள்ளிக்குச் சமயம் இல்லை, பிள்ளைக்கு உண்டு. பெற்றோரின் சமயம் எதுவோ அதையே பிள்ளைக்குப் படிப்பிக்க வேண்டும். நியாயமான ஏற்பாடு. வேதாகமம் படித்தால்தான் எழுத்துப் படிக்கலாம் என்றிருந்த காலத்தை எங்கள் ஆச்சிமார் கண்டவர்கள். அவர்களுடைய மனக்குறைக்கு அது தக்க பதில். ஆனால் பதில் சொன்ன கையோடு அது வேறொன்றையும் செய்தது. இன்னார் இந்தப் பக்கம், இன்னார் அந்தப் பக்கம் என்று பிள்ளைகளைத் தரம்பிரிக்கிற வேலையைப் பள்ளிக்கூடத்தின் நேரசூசியில் ஏற்றிவிட்டது.

என் பெரியம்மா மிஷன் பள்ளியில் படித்தவ. ஸ்கிரிப்ச்சர் என்று ஒரு பாடம் அவர்களுக்கு. அதில் சைவப் பிள்ளைகள்தான் வகுப்பில் முதலாவதாக வருவார்களாம். சோதனைக்கு முதல் நாள் பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் அடித்துவிட்டுப் போய் லூக்கா சுவிசேஷத்துக்கு விடை எழுதியதை அவ கூச்சமில்லாமல் சொல்லுவா. எழுபது வயதிலும் கெட்ட குமாரன் கதையை அவ சொல்லக் கேட்கவேண்டும். மகன் வருகிறான் என்று தகப்பன் தெருவுக்கு ஓடுகிற இடத்தில் குரல் தழுதழுக்கும். பிறகு முகம் கழுவி, திருநீறு பூசி, விளக்கேற்றுவா. எங்கள் குடும்பத்தில் அவவைவிடச் சிறந்த சைவப்பழம் இல்லை. அந்தப் பள்ளி அவவை மதம் மாற்ற முயன்றதா என்று ஒருமுறை கேட்டேன். "முயன்றதுதான். நான் கதையை எடுத்துக்கொண்டு வந்திட்டன்" என்றா.

ஐந்தாம் வகுப்பில் எங்களுக்குச் சைவம் படிப்பித்தவர் ஒரு பண்டிதர். வெள்ளை வேட்டி, நசனல், கக்கத்தில் குடை. புத்தகம் கொண்டுவரமாட்டார். நாவலருடைய சைவ வினாவிடை அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு வரிசை கேள்வி கேட்க, மறுவரிசை விடை சொல்ல வேண்டும். விடையில் ஒரு சொல் பிசகினால் முதலிலிருந்து. அதே நேரம் வேப்பமரத்தடியில் ஞானோபதேசம் நடக்கும். அங்கும் அதே முறை: ரீச்சர் கேள்வி, பிள்ளைகள் விடை. காற்று எங்கள் பக்கம் அடித்தால் அவர்களுடைய கேள்விக்கு எங்கள் விடை பொருந்திவிடும் போலிருக்கும். கடவுள் யார், எங்கே இருக்கிறார், எப்படிப்பட்டவர். இரண்டு பக்கமும் தொடங்குவது ஏறக்குறைய அங்கேதான்.

இது ஏன் இப்படி என்று நாவலரின் வாழ்க்கையைப் படித்த பிறகு விளங்கிற்று. ஆறுமுகம் என்ற நல்லூர்ப் பிள்ளை வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாருடைய வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். பாதிரிமார் பள்ளிக்கூடத்தை எப்படி நடத்துகிறார்கள், துண்டுப் பிரசுரம் எப்படி அடிக்கிறார்கள், பிள்ளையின் மனத்தில் சமயத்தை எப்படிப் பதிக்கிறார்கள் என்று அருகிலிருந்து கண்டவர். 1847 கடைசியில் வண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1864இல் சிதம்பரத்திலும் ஒன்று. திண்ணைப் பள்ளியில் இல்லாத வகுப்பு முறையும், அச்சிட்ட பாலபாடமும், வினாவும் விடையுமாக எழுதிய சமய நூலும் அவர் கையால் சைவத்துக்கு வந்தன. வேப்பமரத்தடியும் எங்கள் வாங்கும் ஒரே மெட்டில் ஓதியதற்குக் காரணம் அதுதான். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடச் சைவம் என்பது மிஷன் பள்ளியின் கூடப்பிறந்த பிள்ளை. இதைச் சொன்னால் கோபிக்கிற சைவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இது நாவலர்மேல் உள்ள மதிப்பைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை. எதிர்த்தவரிடமே கற்றுக்கொள்ள நெஞ்சுரம் வேண்டும்.

நாள்களின் கணக்கும் அப்போது விசித்திரமாக இருந்தது. 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறை இல்லை. சந்திரனைப் பார்த்துப் போயா நாளும் அதற்கு முந்தின நாளும்தான் விடுமுறை. செவ்வாயும் வரும், வியாழனும் வரும். ஞாயிறென்றால் கத்தோலிக்கப் பிள்ளைகள் விடியப்புறப் பூசை கண்டுவிட்டு அதே உடுப்போடு பள்ளிக்கு வருவார்கள். பெண்பிள்ளைகளின் தலையில் முக்காட்டுத் துணி அப்படியே இருக்கும். வெள்ளி மத்தியானம் முஸ்லிம் பொடியள் ஜும்மாவுக்கு ஓடுவார்கள். எங்களுக்கு வெள்ளி காலையில் சரஸ்வதி படத்துக்கு முன் பூசை. கடலையும் சர்க்கரை போட்ட அவலும். அந்த அவலை எல்லாருடைய கையிலும் வைத்தார்கள். யார் என்ன சமயம் என்று பார்த்து அவல் கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. மத்தியானம் அரசாங்கம் தருகிற பணிஸை வாங்க நின்ற வரிசையிலும் அப்படித்தான். நாடு முழுவதற்கும் ஒரு சமயத்தின் பஞ்சாங்கத்தை விதித்தார்களே, அதன் பாரம் யார் தலையில் விழுந்தது என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், தூக்கம் கலையாத முகங்களோடு ஓடிவந்த பிள்ளைகளைப் பார்த்துத்தான் நான் அறிந்தேன்.

என் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேர் வேண்டாம். தகப்பன் சீவல் தொழில். வகுப்பில் அவனைப்போலப் பண்ணோடு தேவாரம் பாடக்கூடியவர் யாரும் இல்லை. பஞ்சபுராணம் ஓதவேண்டிய நாள்களில் பண்டிதர் வேறு யாரையும் கூப்பிடமாட்டார். ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் அவன் வெளிவீதியில்தான் நிற்க வேண்டும். நல்லூர், வண்ணைச் சிவன் கோயில் போன்ற பெருங்கோயில்கள் 1950களில் கதவைத் திறந்துவிட்டிருந்தன. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும் வந்துவிட்டது. ஊர்க்கோயில்கள் அசையவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சனம் சத்தியாக்கிரகம் இருந்ததும் அடிபட்டதும் எங்கள் வீட்டுத் திண்ணையில் தினமும் பேச்சு. அப்பு ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம்.

பள்ளிக்கூட வாங்குகூட இலேசில் கிடைத்ததல்ல. அப்பா படிக்கிற காலத்தில் சில சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் சமமாக இருக்கவேண்டும் என்று 1930ஐ ஒட்டி அரசாங்கம் கட்டாயப்படுத்தியபோது யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். தீ வைத்தவர்கள் சமயம் படியாதவர்கள் அல்ல.

அந்தத் தவணையில் எங்களுக்குத் திருநாளைப்போவார் என்கிற நந்தனாரின் புராணம். ஆதனூரிலே புலைப்பாடியில் பிறந்தவர். திருப்புன்கூரில் நந்தி விலகிக் காட்சி கொடுத்தது. தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாள் கழித்தது. கடைசியில் தில்லையில் தீ வளர்த்து, அதற்குள் புகுந்து, பூணூலும் சடைமுடியுமாக எழுந்தது. பண்டிதர் உருகிச் சொன்னார். இரண்டு மூன்று நாள் தாண்டி, எங்களுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு அவர் அலுவலகப் பக்கம் போயிருந்த நேரம், விறாந்தைத் தட்டிக்கு அந்தப் பக்கம் மௌலவி சேர் பிலாலின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மக்காவில் அடிமையாக இருந்த கறுப்பு மனிதர். சுடுமணலில் கிடத்தி நெஞ்சில் கல்லை ஏற்றினார்கள்; ஒருவனே என்றார், ஒருவனே என்றார். அபூபக்கர் காசு கொடுத்து மீட்டார். பிறகு மக்கா வசமான நாளில், நபியவர்கள் அந்த மனிதரைக் கூப்பிட்டுக் கஃபாவின் கூரையில் ஏறிப் பாங்கு சொல்லச் சொன்னார்கள்.

என் பக்கத்தில் பென்சில் ஓடவில்லை. அவன் தட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த சமய பாடத்தில் எழுந்து நின்றான். "சேர், ஒரு சந்தேகம். பிலாலை இருந்தபடியே கூரைக்கு மேலை ஏத்தினவையாம். நந்தனாரை மட்டும் ஏன் நெருப்புக்குள்ளாலை போகச் சொன்னது?"

வகுப்பில் மூச்சுச் சத்தம் இல்லை. பண்டிதருக்குக் கோபம் வந்தால் குடைப்பிடி வரும். வரவில்லை. நெடுநேரம் நின்றார். "தம்பி, நீ கேட்டதுக்கு மறுமொழி வினாவிடையிலை இல்லை. இருந்திருக்க வேணும்" என்றார். பிறகு, "இரு" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு மேற்கொண்டு பாடம் நடக்கவில்லை.

அதற்குப் பின் மாரி பிடித்துக்கொண்டது. வேப்பமரத்தடி சேறு. விறாந்தையில் தூவானம். கத்தோலிக்கப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் மண்டபத்துக்குள் ஒதுங்க வேண்டியதாயிற்று. வழமையாக இப்படி நேர்ந்தால் சமய பாடத்தை விட்டுவிட்டுச் சுயவாசிப்பு என்று சொல்வார்கள். பண்டிதர் தலைமை ஆசிரியரிடம் போய் ஏதோ பேசினார். திரும்பி வந்து பெரிய பொடியளைக் கொண்டு தட்டியைத் தூக்கி ஓரத்தில் சாத்தினார். "மௌலவி சேர், நீங்கள் அண்டைக்குச் சொன்ன கதையை இஞ்சை எல்லாருக்கும் சொல்லுங்கோ" என்றார். தான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுப் பிள்ளைகளோடு பிள்ளையாக இருந்து கேட்டார்.

மழை நின்றபாடில்லை; அந்த ஏற்பாடும் நீண்டது. மூன்று ஆசிரியர்களும் முறை வைத்துக்கொண்டார்கள். ரீச்சர் நல்ல சமாரியன் கதை சொன்னா; வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் குருவானவர் விலத்திப் போனார், தீண்டத்தகாதவன் என்று தள்ளப்பட்டவன் தூக்கினான் என்று எங்கள் ஊருக்குத் தக்கபடி சொன்னா. பண்டிதர் பூசலார் கதை சொன்னார்: காசில்லாமல் மனத்துக்குள்ளே கோயில் கட்டியவர், அந்தக் கோயிலுக்காகச் சிவன் அரசனுடைய கற்கோயிலின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொன்னது. ஒரு முஸ்லிம் பொடியன் கேட்டான்: "சேர், அந்த மனசுக் கோயிலுக்குள்ளை யாரெல்லாம் போகலாம்?" பண்டிதர் சிரித்தார். அப்படி அவர் சிரித்ததை அதற்கு முன் நாங்கள் கண்டதில்லை. சோதனைக்கு அந்தப் பாடங்களில் ஒன்றும் வரவில்லை. வெயில் வந்ததும் தட்டி பழைய இடத்துக்குப் போனது.

என் நண்பன் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். பிறகு வன்னிப் பக்கம் காணி வெட்டப் போனதாகக் கேள்வி. அவனுடைய ஒன்றுவிட்ட சகோதரர்கள் சிலர் பௌத்தர்களானார்கள்; தீண்டாமையால் நொந்த கிராமங்களில் அந்நாள்களில் பௌத்த பள்ளிக்கூடங்கள் முளைத்தன. எங்கள் கோயில் கதவு அவனுக்குத் திறந்திருந்தால் இந்தக் குடாநாட்டுக்கு ஒரு நல்ல ஓதுவார் கிடைத்திருப்பார்.

நானும் ஆசிரியனானேன். தமிழ்தான் என் பாடம். ஆனால் எங்கள் பள்ளிக்கூடங்களில் யாருக்குப் பாடவேளை குறைகிறதோ அவர் தலையில் சைவநெறியைக் கட்டுவார்கள்; அப்படி எனக்கும் வந்தது. அதற்குள் எல்லாம் ஒழுங்காகிவிட்டிருந்தது. 1980 முதல் அரசாங்கம் இலவசமாகப் புத்தகம் கொடுத்தது. சைவத்துக்கு ஒன்று, கத்தோலிக்கத்துக்கு ஒன்று, மற்றக் கிறிஸ்தவத்துக்கு ஒன்று, இஸ்லாத்துக்கு ஒன்று, பௌத்தத்துக்கு ஒன்று. க.பொ.த. சாதாரண தரத்தில் சமயம் கட்டாய பாடம். பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கத்து நண்பர்கள் இதைக் கேட்டு அதிசயப்படுவார்கள். இந்திய அரசியலமைப்பின் 28ஆவது உறுப்பு, முழுக்க அரசாங்கக் காசில் நடக்கிற பள்ளியில் சமயம் போதிப்பதைத் தடுத்துவிட்டது. இங்கே அதற்குப் புள்ளி உண்டு. புள்ளி வந்ததும் சமயம் மனப்பாடமாயிற்று. நாயன்மார் அறுபத்துமூவரும் குறுவினாவானார்கள். வகுப்பில் கேள்வி எழுப்புகிற பிள்ளையை மற்றப் பிள்ளைகளே அடக்கினார்கள்: சேர், சிலபஸ் முடியாது.

1990 அக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்தில் கூடச் சொல்லி, இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி கட்டளையிட்டார்கள். சோனகத்தெரு ஒரே பகலில் வெறுமையாயிற்று. போனவர்கள் பலர் புத்தளத்து அகதி முகாம்களில் கால்நூற்றாண்டைக் கழித்தார்கள். பள்ளிக்கூடம் மறுபடி கூடிய அன்று நான் வரவுப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு நின்றேன். ரிஸ்வான் என்றும் பாத்திமா என்றும் தொடங்குகிற வரிகளுக்கு நேரே என்ன குறிப்பது? வரவில்லை என்றால், வரவேண்டியவர்கள் வராமல் நின்றார்கள் என்று பொருள்படும். விலகினார்கள் என்றால், தாங்களாகப் போனார்கள் என்று ஆகும். அதிபர் கட்டங்களை வெறுமையாக விடச் சொன்னார். அந்த மாதம் முழுவதும் வெறுங்கட்டங்களோடு பதிவேடு இருந்தது. அடுத்த மாதம் புதுத்தாளில் அந்தப் பெயர்களே இல்லை.

துப்பாக்கிக்கு முன்னால் வாய்திறக்க முடியாது என்பது உண்மை. ஆனால் துப்பாக்கி போன பிறகும் எத்தனை வருடம் நாங்கள் அதைப்பற்றிப் பேசாமல் இருந்தோம்! அன்று படலைக்குள் நின்று பார்த்த சனத்தில் ஏறக்குறைய எல்லாரும் பள்ளிக்கூடத்தில் சமயம் படித்தவர்கள். அன்பே சிவம் என்று கட்டுரை எழுதிப் புள்ளி வாங்கியவர்கள். அவர்களுக்குச் சமயத்தைப் பற்றித் தெரியாமல் இல்லை. பக்கத்துத் தெருக்காரரின் சமயத்தைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பைக் கிழமைக்கு இரண்டு பாடவேளை, பதினொரு வருடம், மணி அடித்துத் தடுத்திருந்தோம்.

இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் அந்த மூன்று கூட்டத்தையும் ஒரே வகுப்பில் காண்பது அரிது. திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள் கொஞ்சம். அவர்களுடைய பிள்ளைகள் பெரும்பாலும் அவர்களுடைய பள்ளிக்குப் போகிறார்கள். கரையோரப் பிள்ளைகள் கரையோரப் பள்ளிக்கு. சைவப் பிள்ளைகள் இந்துக் கல்லூரி என்று பெயருள்ள பள்ளிகளுக்கு. முன்னர் தட்டியால் பிரித்தோம், இப்போது மதிலால். கொழும்பில், கிழக்கில், மலையகத்தில் கலந்து படிக்கிற வகுப்புகள் இன்னும் உண்டு. அங்கும் சமயத்துக்கு மணி அடித்தால் பிள்ளைகள் பிரிகிறார்கள். 2019இல் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு, மறுபடி பள்ளி தொடங்கிய நாள்களில், அந்தப் பிரிவு என்ன பாரமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சமயத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுடைய கோபம் எனக்கு விளங்கும், வழி ஏற்காது. பள்ளிக்கூடம் விட்ட இடத்தில் வெற்றிடம் இருக்காது. கோயில் மனேச்சரும், ஒலிபெருக்கியும், கைத்தொலைபேசியில் வருகிற காணொளியும் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். பண்டிதரைப் போல "மறுமொழி புத்தகத்தில் இல்லை" என்று சொல்லக்கூடியவர் அங்கே யார்? பிள்ளை கேள்வி கேட்கக்கூடிய ஒரே சமய இடம் பள்ளிக்கூடம்தான். பக்தியை வீடு பார்த்துக்கொள்ளும், கோயில் பார்த்துக்கொள்ளும், ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலை பார்த்துக்கொள்ளும். எல்லாருடைய சமயத்தையும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து கேட்கிற வேலையை வேறு எவரும் செய்யமாட்டார்கள். அரசாங்கப் பள்ளிக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. மிஷனோ, இந்துச் சங்கமோ, முஸ்லிம் அறக்கட்டளையோ நடத்துகிற தனியார் பள்ளிக்கு இது இன்னும் தேவை. அங்கே பிள்ளை தன் ஆள்களையே சுற்றிவரக் கண்டுகொண்டு வளர்கிறது.

என்னோடு படிப்பித்த ஒருவர், தீவிரமான சைவர், இதற்கு உடன்படமாட்டார். மூலை முடுக்கெல்லாம் புதுப்புதுச் சபைகள் வந்து வறுமைப்பட்ட வீடுகளின் படலையைத் தட்டுகிற இந்த நேரத்தில், வகுப்பிலும் யேசுவின் கதையைச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் மிஞ்சுமா என்று கேட்கிறார். அவருடைய பயத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. ஆனால் என் பெரியம்மா லூக்காவை முழுதாகப் படித்தவ. யாரும் அவவைக் கொண்டுபோகவில்லை. போனவர்களை நான் அறிவேன். அவர்கள் கதை கேட்டுப் போகவில்லை. எங்கள் கோயில் வெளிவீதியில் நின்று அலுத்துப் போனார்கள்.

தொடங்குவதென்றால் பிள்ளைகளிடமிருந்து தொடங்க முடியாது. படிப்பிக்கப் போகிறவர்களிடமிருந்து தொடங்க வேண்டும். எங்கள் கல்வியியற் கல்லூரிகளில் சைவநெறி படிப்பிக்கப் பயிலுகிறவர் சைவநெறியை மட்டும் படிக்கிறார், இஸ்லாம் படிப்பிக்கப் போகிறவர் இஸ்லாத்தை மட்டும், கிறிஸ்தவமும் அப்படியே. கற்பித்தல் பயிற்சிக் காலத்தில் இவர்களில் மூவரை ஒரே வகுப்புக்கு, ஒரே பாடவேளைக்கு அனுப்புங்கள் என்று அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறேன். ஒருவர் கதை சொல்லட்டும், மற்ற இருவரும் பிள்ளைகளோடு இருந்து கேட்கட்டும், அடுத்த கிழமை முறை மாறட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை, சமயத்துக்கு உள்ள பாடவேளைகளில் ஒன்றை மட்டும் இதற்கு விட்டால் போதும். அந்தப் பாடவேளைக்குச் சோதனை வைக்கக் கூடாது. முஸ்லிம் பிள்ளையே இல்லாத யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒஸ்மானியாவிலிருந்து ஒரு மௌலவி சேர் பஸ்ஸில் வந்து போகலாம். நாவாந்துறையிலிருந்து ஒரு ரீச்சர் சைக்கிளிலேயே வரலாம். சைவநெறி ஆசிரியர் யாராவது அந்தப் பக்கம் போக மாட்டேன் என்றால், தமிழ் வாத்தியாராகிய நான் போகத் தயார். நந்தனார் கதையையே சொல்லுவேன், அந்தக் கேள்வியையும் சேர்த்து.